முன்னே வந்த காது

வின்சரில் ஆற்றுக்கு வடக்கே அமெரிக்கா.
வந்த புதிதில் நம்பாமல்
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இப்போது அதைவிட நம்ப முடியாதது
என் இரவுவேலை:
ஓடாத புதுக் கார்களை
ஒவ்வொன்றாக இழுத்துப்போய்
முற்றத்துப் பனியில் விடுகிறேன்.

எல்லாம் இருக்கிறது அவற்றில்.
இருக்கை, கண்ணாடி, குழந்தைக்கான கொளுக்கி,
இன்னும் போகாத பெயின்ட் வாசம்.
தரைக்கு அடியில் மட்டும்
ஒரு கட்டில் அளவு வெறுமை.
நானூற்றைம்பது கிலோ குறைவதால்
நுனிக்காலில் நிற்கின்றன,
மதிலுக்கு அப்பால் யாரும் வருகிறார்களா என்று
எட்டிப் பார்ப்பதுபோல.

புரட்டாதியில் நாற்பது.
தைப்பொங்கலன்று அறுநூற்றுப் பதினொன்று.
கையுறை கழற்றாமல் எண்ணப் பழகிவிட்டேன்.

காரணத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள்.
ஒரு கிழமை, கப்பல்.
ஒரு கிழமை, கிராஃபைட்டுக்கு வராத அனுமதிக் கடிதம்.
பிறகு செல்கள் வந்தன, ஏழுக்கு ஒன்று வீங்கி;
வந்த கொன்டெய்னரிலேயே திரும்பிப் போயின.
நெடுஞ்சாலையோரம்
எங்களுக்கென்றே எழும்பும் பற்றரி ஆலை
இன்னும் வெறும் இரும்புக் கால்.
'வருகிற கோடையில் திறப்பு' என்ற பலகையில்
ஆண்டுக்கு மேல் ஒரு புது ஆண்டை ஒட்டியிருக்கிறார்கள்.
ஓரம் உரிந்து பழையது தெரிகிறது.

உலை கொதிக்கிறது,
அரிசி கடலில்.

ஒன்பதாம் வரிசையில் பதினாலாவது
என்னுடையது.
வைகாசியில் பதிந்தேன். ஆகக் குறைந்த மாடல்.
வெள்ளை,
நிறத்துக்கென்று தனிக்காசு கேட்காத ஒரே நிறம்.
முப்பத்தொன்பதாயிரம் டொலர் என்றார்கள்.
ஆவணியில் நாற்பத்தோராயிரம்.
கார்த்திகையில் இன்னும் இரண்டாயிரத்து இருநூறு,
'பற்றரிச் செலவு' என்ற ஒற்றை வரியோடு.
இருக்கிற கதவுக்கு விலை ஏறவில்லை,
இல்லாத பொருளுக்குத்தான் ஏறியது.
கேதீஸ்வரன் கடிதத்தை
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுச் சொன்னார்:
'இனி ஓட்டத் தேவையில்லை சுகிர்தா,
அது தானாகவே ஓடுது.'

மாசி நடுவில் ஒரு விடியற்புறம்
லொறிகள் வந்தன.
நூற்றெண்பது பற்றரி.
கைதட்டினோம், நானும்தான்.
பட்டியலோடு வந்தாள் டெல்ஃபீன்:
கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை,
எழுபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டவை மட்டும்.
'ஒரு பற்றரியை எந்தக் காரில் போட்டால்
கூட உழைக்குமோ, அது முதலில்.'
வாசிக்கும்போது தாளைவிட்டு
அவள் கண் எழும்பவில்லை.
என் நம்பர் அவளுக்குத் தெரியும்.

முன்னே வந்த காதைவிடப்
பின்னே வந்த கொம்பு உசத்தி என்பார்கள்.
கொம்புக்கு விலை போட்டது யார் என்று
பழமொழியில் இல்லை.

தோல் இருக்கைக்காரர்கள் மூன்று கிழமைதான் வயது,
என்னுடையதற்குப் பின்னால் நின்றார்கள்.
அவர்கள் வெளியே வர
இது விலக வேண்டும்.
இழுவை வண்டியின் கொளுக்கியை
நானேதான் மாட்டினேன்.
பாரமில்லாத கார்,
சொன்னதும் வந்துவிட்டது.
தாறில் அது விட்டுப்போன இடம் மட்டும்
பனி படாமல் கறுப்பாக, நீள்சதுரமாக இருந்தது,
சரியாக ஒரு கார் அளவு.
ஒன்று, இரண்டு என்று
பதினேழு பேர் அதன் மேலாகப் போனார்கள்.

மூன்று மணி இடைவேளையில்
வேலிப்பக்கம் நடந்தேன்.
கதவு திறக்கச் சின்னப் பற்றரி ஒன்று
எல்லாவற்றிலும் உண்டு;
உள்விளக்கு எரியும், வேறொன்றும் முடியாது.
ஏறி உட்கார்ந்து கோப்பியை ஊற்றினேன்.
ஸ்டியரிங் பூட்டிக் கிடந்தது.
முன்கண்ணாடியில் பனி
வெளியே என்ன இருக்கிறதென்று காட்டவில்லை.
வெளியே இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும்,
எண்ணியவள் நான்.

விளக்கு அணைந்தது.
கதவைத் திறந்து மூடினேன், எரிந்தது.
அணைந்தது. திரும்பவும் திறந்தேன்.

எங்கிருந்தோ டெல்ஃபீனின் குரல்:
'ஏய், அதையும் தீர்த்துவிடாதே.
அந்தச் சின்னதும்
ஸ்டொக்கில் இல்லை.'